யூசுஃபுக்குத் தமிழ் தெரியாது

ஏற்காடு
23 நவம்பர் 2025

பிரிஸ்கில்லாவுக்கு,

இங்கே மழை விட்டுவிட்டது. பனி இறங்குகிறது. இதைச் சொல்லவா பேனாவை எடுத்தாய் என்று நீ கேட்பாய். கொஞ்சம் பொறு. எனக்கு எதையும் நேராகத் தொடங்க வராது என்று உனக்குத் தெரியாதா.

போனை ஏன் எடுக்கவில்லை என்று கொதித்துப் போயிருப்பாய். என் போன் ஓட்டல் ஆபீஸ் பீரோவில் இருக்கிறது. சமையலறையில் ஒருவன் விருந்தாளிகளை வீடியோ எடுத்து எங்கோ போட்டுவிட்டான். அதிலிருந்து உள்ளே தங்கி வேலை பார்க்கும் எல்லாருடைய போனையும் வாங்கிப் பூட்டிவிட்டார்கள். வார லீவில் தருவார்களாம். சீசன் முடிகிறவரை வார லீவே கிடையாதாம். அதனால்தான் இந்தக் கடிதம். நாகலூரிலிருந்து துணி துவைக்கத் தினமும் பஸ்ஸில் வருகிறாளே வெண்ணிலா, அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலும் அவளிடமே கொடு.

வேலை என்ன என்று உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. சமையலறை என்று சொன்னேன். சமையலறைக்குப் பக்கத்தில் என்று வைத்துக்கொள். மேனேஜர் மேக்ஸ்வெல் சார் போன வருடம் மொராக்கோவுக்குச் சுற்றுலா போய்விட்டு வந்தார். அங்கே அட்லஸ் மலையில் அமாசிக் என்று ஒரு மக்கள் இருக்கிறார்களாம். குளிரில் விருந்தாளி வந்தால் சுடச்சுடத் தேநீர் காய்ச்சி, கெண்டியைத் தலைக்கு மேலே தூக்கிச் சின்னக் கண்ணாடி கிளாஸில் ஊற்றிக் கொடுப்பார்களாம். அதைப் பார்த்துவிட்டு வந்து, இங்கே பின்பக்கப் புல்வெளியில் கூடாரம் போட்டு, நெருப்பு மூட்டி, 'மலைத் தேநீர்' என்று தினமும் சாயங்காலம் ஒரு காட்சி நடத்துகிறார். பால் கிடையாது. கருந்தேநீர். பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, ஏதோ காய்ந்த தழை. பாக்கெட்டில் சென்னையிலிருந்து வருகிறது.

அதை ஊற்றுகிற ஆள் நான்.

நாகலூர் பஸ் ஸ்டாப்பில் நான் டீ ஆத்துவதைப் பார்த்துத்தான் மேக்ஸ்வெல் சார் என்னைக் கூப்பிட்டார். கை அவருக்குப் பிடித்துப் போயிற்று. ஆள்தான் பிடிக்கவில்லை போலிருக்கிறது. கணுக்கால் வரை கம்பளி அங்கி, தலையில் நீலத் துணி, மூக்குவரை சுற்றிக் கண் மட்டும் தெரியும். பெயர் யூசுஃப். யூசுஃபுக்குத் தமிழ் தெரியாது. சிரிக்கலாம், தலையாட்டலாம், நெஞ்சில் கை வைக்கலாம். பேசக் கூடாது. கேட்டுக்கு வெளியேயும் போகக் கூடாது. லுங்கியோடு பஸ் ஸ்டாண்டில் நின்று வடை தின்கிற யூசுஃபை விருந்தாளி யாராவது பார்த்துவிட்டால் கதை கந்தலாகிவிடுமாம்.

முதல் நாளே ஒரு கூத்து. அந்த மலையில் முதல் கிளாஸை ஊற்றி, அதைத் திரும்பக் கெண்டிக்குள்ளேயே விடுவது வழக்கமாம். நன்றாகக் கலக்கட்டும் என்று. எனக்கு அதை நாலு தடவை சொல்லிக் கொடுத்தார். விருந்தாளிகள் வந்து உட்கார்ந்ததும் எனக்குப் பழைய கை வந்துவிட்டது. கடை திறந்ததும் முதல் டீயை ரோட்டில் ஊற்றுவோமே, அதே மாதிரி மண்ணில் ஊற்றிவிட்டேன். ஊற்றிய பிறகுதான் உயிர் போனது. விருந்தாளிகள் கை தட்டினார்கள். 'மலைக்குக் காணிக்கை' என்று மேக்ஸ்வெல் சார் ஆங்கிலத்தில் ஒரு போடு போட்டார். இப்போது தினமும் மண்ணுக்குத்தான் முதல் கிளாஸ்.

உன் பிரசவத்துக்கு லீவு கேட்கிறேன். கேட்க வேண்டும். கேட்பேன்.

ஜெப்சன்


நாகலூர்
30 நவம்பர்

அன்புள்ள என்று ஆரம்பிக்கலாமா என்று யோசித்தேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரிப்பு வந்தது. இரண்டாம் தடவை வயிறு எரிந்தது. பேசாமல் இருப்பதற்குச் சம்பளம் கொடுக்கிற ஒரு வேலையைத் தேடிப் பிடித்திருக்கிறீர்களே, உங்களுக்கென்றே செய்த மாதிரி!

என்ன நடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா, இல்லை அதையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்களா? அக்டோபரில் கோயில் தேர்த் திருவிழா. ஊர் முழுக்கக் கூட்டம். அண்ணன் கடைக்கு வருடத்தில் அன்று ஒரு நாள்தான் பெரிய வியாபாரம். நீங்கள் டீ மாஸ்டர். காலையில் அண்ணன் கடைக்குப் போனால் அடுப்பு பற்ற வைக்கவில்லை. ஆள் இல்லை. பையை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். அந்த ஓட்டல்காரனுக்கு அன்றைக்கே ஆள் வேண்டுமாம். சரி. 'மச்சான், நான் போறேன்' என்று ஒரு வார்த்தை? அதையும் என் வாயால் சொல்லவைத்தீர்கள். ஒன்பது மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு நிற்கிற இந்தக் கோலத்தில் இன்னும் அதற்கு நான்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன் அன்று தானே அடுப்பில் நின்று கையைச் சுட்டுக்கொண்டார். அடுத்த வாரமே கடையைப் பூட்டிவிட்டார். இப்போது ஜீப் ஓட்டுகிறார். டூரிஸ்டுகளை எஸ்டேட் சுற்றிக் காட்டக் கூட்டிப்போகிறார். உங்கள் பெயரை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார். அண்ணி ஒரு தடவை சமாதானம் பேசப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டார். "அவன் கையால பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன் ஜெயா. வந்து என்ற மூஞ்சிக்கு நேரா வாயத் தொறந்து பேசட்டும். அதுவரைக்கும் புள்ளயும் வரமாட்டா, புள்ள பெக்கற புள்ளயும் வராது." இதுதான் அவர் தீர்ப்பு.

ஆக, நான் இந்த வீட்டில். அண்ணன் கெட்டவர் இல்லை. காலையில் ஆப்பிள் வாங்கிவந்து வைத்துவிட்டுப் போகிறார். ஆனால் நான் வாசல் தாண்டினால், "எங்க கண்ணு போற?" என்கிறார். அண்ணி பின்னாலேயே வருகிறார். நீங்கள் கேட்டுக்கு உள்ளே, நான் கதவுக்கு உள்ளே. உங்களுக்காவது வேஷம் போட்டால் கை தட்டுகிறார்கள்.

உங்கள் தலைப்பாகைக் கதையை நான் யாரிடமும் சொல்லவில்லை. சமையலறையில் இருப்பதாகத்தான் இங்கே எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியே இருக்கட்டும். வெண்ணிலா வாயையும் கட்டியிருக்கிறேன்.

அந்தத் தேநீர் எப்படி இருக்கும் என்று வெண்ணிலாவைக் கேட்டேன். "சூடா இருக்கும்க்கா, அவ்வளவுதான்" என்றாள். மிளகு இல்லாமல் மலைக் குளிருக்கு என்ன டீ? இதோடு ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். அண்ணன் தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்துக் கொடி மிளகு. வாணலியில் லேசாக வறுத்து, ஒன்றிரண்டாகத் தட்டி, தேயிலை போடுவதற்கு முன்னால் தண்ணீரிலேயே போட்டுக் கொதிக்க விடுங்கள். காய்ந்த ஆரஞ்சுத் தோலும் வைத்திருக்கிறேன். ஒரு துண்டு போதும், கூடினால் கசக்கும். மழைக்காலத்தில் நம் கடையில் நான் போட்டுக் கொடுப்பேனே, அதே கணக்குதான்.

உங்கள் மேல் இரக்கப்பட்டு அனுப்பவில்லை. அந்த மலைக்காரர்கள் பெயரைச் சொல்லி வெந்நீரை ஊற்றிக் கொடுத்தால் பாவம் அவர்களுக்கல்லவா கெட்ட பெயர்.

பிரிஸ்கில்லா


ஏற்காடு
9 டிசம்பர்

பிரிஸ்கில்லா,

உன் மிளகு வேலை செய்துவிட்டது. முதல் நாள் ஒரு பெங்களூர் அம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "தொண்டைக்குள்ள விளக்கு ஏத்தின மாதிரி இருக்கு" என்றார். அதைத் தமிழில்தான் சொன்னார். எனக்குப் புரியாத மாதிரி நின்றேன். மேக்ஸ்வெல் சார் சமையலறைக்கு வந்து கெண்டியை மோந்து பார்த்தார். என்ன போட்டாய் என்று கேட்கவில்லை. இனிமேல் இப்படியே போடு என்றார். அன்று சாயங்காலமே, அட்லஸ் மலையில் தலைமுறை தலைமுறையாக வருகிற பக்குவம் என்று விருந்தாளிகளுக்குச் சொன்னார். உன் ஆரஞ்சுத் தோல் இப்போது ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது.

நான் அந்த மக்களைப் பற்றி அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பார்த்ததில்லை. பார்க்கப் போவதும் இல்லை. குளிரும் மலைச்சரிவும் ஆடுகளும் நெருப்பும் உள்ளவர்கள் என்றால் நம்மைப் போலத்தான் இருப்பார்கள். வந்தவர்களுக்கு முதலில் சூடாக எதையாவது கொடுத்துவிட்டுப் பிறகுதான் பேசுவார்கள். ஆனால் நிச்சயம் பேசுவார்கள். வாயைக் கட்டிக்கொண்டு ஊற்ற மாட்டார்கள். அவர்கள் பெயரில் நான் ஊமையாக நிற்பதுதான் எனக்கு என்னமோ போலிருக்கிறது.

லீவு கேட்டேன். கேட்டேன் என்றால், வாசலில் நின்றேன். என்ன என்றார். சம்சாரத்துக்கு இது மாசம் சார் என்றேன். வாழ்த்துச் சொன்னார். லீவு சார் என்றேன். பொங்கல் முடியட்டும் என்றார். இப்போது போனால் சர்டிபிகேட்டை மறந்துவிடு என்றார். கேட்டரிங் படித்த ஒரிஜினல், பத்தாவது ஒரிஜினல் எல்லாம் அதே பீரோவில், என் போனுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வேலையில் சேரும்போது கொடு என்றார்கள், கொடுத்தேன். ஏன் என்று கேட்கவில்லை. நீ திட்டுவாய். திட்டு.

இன்னொன்று சொல்கிறேன், பயப்படாதே. வேஷத்தைக் கழற்றிய பிறகும் பேச்சு வரமாட்டேன் என்கிறது. நேற்று உடன் தங்கியிருக்கிற சத்யராஜ் என் சோப்பைக் கேட்டான். இந்தா என்று சொல்ல வாயெடுத்தவன் நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டிவிட்டேன். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விருந்தாளிகள் என் முன்னாலேயே என்னென்னவோ பேசுகிறார்கள். ஒருத்தி மாமியாரைத் திட்டுகிறாள். ஒருவன் மனைவிக்குத் தெரியாமல் விற்ற நகையைப் பற்றி நண்பனிடம் சொல்கிறான். நடுவில் நான் ஒரு மரம் மாதிரி நிற்கிறேன்.

மச்சானை நான் நேராகப் பார்த்துப் பேச வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அன்று விடியற்காலை அவர் வீட்டு வாசல்வரை வந்தேன். விளக்கு எரிந்தது. இருமுகிற சத்தம் கேட்டது. சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் பஸ் ஹாரன் அடித்தது. போய்விட்டேன்.

ஜெப்சன்


நாகலூர்
17 டிசம்பர்

பெண் குழந்தை. திங்கட்கிழமை. ஏற்காடு ஆஸ்பத்திரியில் பார்க்க முடியாது என்று சேலத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணன்தான் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் எல்லாம் ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு வளைவிலும் "பயப்படாத சாமி, பயப்படாத சாமி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். உங்களைக் கூப்பிட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது. யூசுஃப் என்றா கூப்பிடுவது?

இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அண்ணியின் போனில் குழந்தையைப் படம் எடுத்திருக்கிறார்கள். பிரிண்ட் போட்டு அனுப்பட்டுமா என்று வெண்ணிலா கேட்டாள். வேண்டாம் என்றேன். படமெல்லாம் அனுப்ப மாட்டேன். வந்து பாருங்கள்.

பெயர் வைக்கவில்லை. அதை அப்பாதான் சொல்ல வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். பாப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். எவ்வளவு நாளைக்கு முடியும் என்று தெரியவில்லை.

பி.


ஏற்காடு
28 டிசம்பர்

பிரிசி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஓட்டல் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றேன். அழுதேன் என்று எழுதலாம், அழுதேன். குழந்தை பிறந்த செய்தியைச் சத்யராஜிடம் சொல்லத் தெரியாமல் இரண்டு கையையும் தொட்டில் மாதிரி ஆட்டிக் காட்டினேன். அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

இப்போது எழுதப்போவதைக் கேள். நேற்று மச்சான் இங்கே வந்தார்!

மைசூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை ஜீப்பில் கொண்டுவந்தார். இறக்கிவிட்டுப் போகிறவர்தான். சேர்வராயன் கோயில் ரோட்டில் மரம் விழுந்துவிட்டது, பனியும் கண்ணை மறைத்தது. டிரைவரும் வந்து நெருப்புக்குப் பக்கத்தில் உட்காரட்டும் என்று அந்தக் குடும்பத்துப் பெரியவர் வற்புறுத்தினார். நான் கெண்டியோடு வருகிறேன், மச்சான் உட்கார்ந்திருக்கிறார். மூக்குத் துணியை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. சமையலறைப் பக்கமே இரண்டு மூன்று தடவை எட்டி எட்டிப் பார்த்தார். யாரைத் தேடினார் என்று உனக்குத் தெரியும்.

மேக்ஸ்வெல் சார் வழக்கம்போலப் பேசினார். நான் முதல் கிளாஸை மண்ணில் ஊற்றினேன். எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டே வந்து மச்சானுக்கும் கொடுத்தேன். என் கையால் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்றவர் வாங்கிக் குடித்தார் பிரிசி. எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் அவரை ஏமாற்றுகிற மாதிரி இருந்தது.

அந்தக் குடும்பம் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தது. மேக்ஸ்வெல் சார் நாலடி தள்ளி நின்றார். மச்சான் கிளாஸை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே என்னிடம் பேச ஆரம்பித்தார்.

"ஏப்பா யூசுப்பு, உனக்கு எங்க புரியப் போகுது. புரியாட்டியும் பரவால்ல, கேளு. என்ற தங்கச்சி புருசன் இங்கதான் சமையல்கட்டுல இருக்கறானாம். அவன் போனதுக்கு எனக்குக் கோவமே இல்ல. நல்ல வேல கெடச்சா போகத்தான வேணும். சொல்லியிருந்தா நானே பையத் தூக்கியாந்து பஸ் ஏத்தி உட்டிருப்பேன்."

கிளாஸ் காலியாயிற்று. என் முகத்தையே பார்த்தார். இன்னும் வேண்டும் போல என்று ஊற்றினேன்.

"அவன் போனதுக்கப்புறம் கடையத் தொறக்கக் கை வரமாட்டேங்குது. வியாபாரத்துக்கு வேற மாஸ்டரு கெடைப்பான். வெடியால நாலு மணிக்கு நானும் அவனும் மட்டும் அடுப்புக்கிட்ட நிப்போம். அவன் பேசவே மாட்டான். நாம்பாட்டுக்குப் பேசீட்டே இருப்பேன். அது நல்லா இருந்துச்சு. அவனுக்கு என்னப் புடிக்கல போலிருக்குதுன்னு நெனச்சேன் யூசுப்பு. அதான் நொம்ப நோவுது."

மறுபடி பார்த்தார். மறுபடி ஊற்றினேன். கொஞ்சம் அவர் கால்மேல் சிந்தியது.

"கொளந்தை அவன் மூக்க அப்படியே உரிச்சு வெச்சிருக்குது. தூக்கும்போதெல்லாம் கோவப்படலாம்னு பாக்கறேன், முடியல. அவன் வந்து மச்சான்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். நான் என்ன அவனக் கால்லயா உழுவச் சொல்றேன்?"

மூன்றாவது கிளாஸையும் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். கெண்டி காலியாகிவிட்டது. நான் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தேன். அவர் எழுந்து போய்விட்டார்.

எனக்கு அந்த அங்கியைக் கிழித்துக்கொண்டு ஓட வேண்டும் போலிருந்தது. மேக்ஸ்வெல் சார் நின்றார். விருந்தாளிகள் நின்றார்கள். அதைவிட, யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் என்று நம்பி மனதைத் திறந்தவரிடம் நான்தான் அது என்று எப்படிச் சொல்வது? அவருக்கு அவமானமாகிவிடாதா? ஆனால் ஒன்று தெரிந்துவிட்டது. மச்சானுக்கு என் மேல் வெறுப்பில்லை. பொங்கல் முடிந்ததும் வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடுகிறேன்.

ஜெப்சன்


நாகலூர்
2 ஜனவரி 2026

வருடம் பிறந்துவிட்டது. வாழ்த்தெல்லாம் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு அது வரும்.

அண்ணனுக்குத் தெரியும்.

அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. மூன்று டீ குடித்தாயிற்று, பசியில்லை என்றார். குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணி கேட்டுக் கேட்டு ஒருவழியாக வாயைத் திறந்தார். நான் உள்ளறையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மொதல் டீய மண்ணுல ஊத்துனான் ஜெயா. எந்தச் சீமையிலயும் அப்படி ஊத்துவாங்கன்னு நான் கேள்விப்பட்டதில்ல. நம்ம கடை வாசல்ல தெனமும் ஊத்துன அதே கை. ஊத்தீட்டு ஒரு தடவ கெண்டிய ஒதறுவான், அதுவும் அப்படியே. அப்பவும் சந்தேகப்பட்டேன். வாயில வெச்சா என்ற கொடி மொளகு. பிரிசி போடற ஆரஞ்சுத் தோலு."

"தெரிஞ்சுமாங்க குடிச்சீங்க?" என்றார் அண்ணி.

"தெரிஞ்சுதான் குடிச்சேன். அவனுக்கு நேராப் பேச வராது. சரி, துணியச் சுத்தீட்டு நிக்கறான், அது பின்னால இருந்தாவது பேசட்டும்னு நானே மொதல்ல ஆரம்பிச்சேன். மூணு தடவ அவன் மூஞ்சியப் பாத்தேன் ஜெயா. மூணு தடவையும் டீயத்தான் ஊத்துனான்."

அப்புறம் குழந்தையை அண்ணியிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார். பூட்டிக் கிடக்கிற கடைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்ததை வெண்ணிலா பார்த்தாளாம்.

புரிகிறதா? டீக்காகப் பார்க்கவில்லை அவர். உங்களைவிடப் பத்து வயது மூத்த மனிதர், தன் மனதில் இருந்த அத்தனையையும் எடுத்து உங்கள் முன்னால் வைத்துவிட்டு, ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார். நீங்கள் அவருக்கு அவமானமாகிவிடும் என்று யோசித்தீர்களாம்! நீங்கள் பேசாமல் விட்டதுதான் அவமானம்.

முன்னால் கோபமாக இருந்தார். அதாவது பரவாயில்லை. இப்போது கோபம்கூட இல்லை. நேற்றுக் கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் தேதி வாங்கிவிட்டார். ஜனவரி பதினொன்று, ஞாயிறு, பூசைக்குப் பிறகு ஞானஸ்நானம். "அப்பன் வந்தா அப்பன் தூக்கட்டும். வராட்டி நான் தூக்கிக்கறேன். அப்புறம் இந்த ஊட்டுப் புள்ளயாவே வளரட்டும்" என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. மெதுவாகச் சொன்னார். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

என்னைக் கேட்கிறீர்களா? யாரும் என்னைக் கேட்பதில்லை. நானே சொல்கிறேன். இரண்டு பேரும் பேசாமல் இருப்பதற்கு நடுவில் என்னைச் சுவராக நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். இந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்கிறது, அந்தப் பக்கம் நீங்கள் மூச்சு விடுவது கேட்கிறது. எனக்கு மூச்சு முட்டுகிறது. பதினொன்றாம் தேதி நீங்கள் வராவிட்டால் நான் வெள்ளக்கடையில் இருக்கிற நம் வீட்டுக்குத் திரும்ப மாட்டேன். அண்ணன் சொல்லி இல்லை, நானே சொல்கிறேன். என் மகளை ஒரு ஊமை வீட்டில் வளர்க்க மாட்டேன்.

பத்தாம் தேதி, சனிக்கிழமை, சேலத்திலிருந்து ஒரு பார்ட்டி உங்கள் ஓட்டலுக்கு வருகிறதாம். இன்னொரு டிரைவர் யுவராஜின் ஜீப்பை அனுப்பிவிடலாமே, மறுநாள் வீட்டில் விசேஷம் இருக்கிறதே என்றார் அண்ணி. "வேண்டாம், நானே போறேன்" என்றார் அண்ணன்.

இதற்குமேல் நான் என்ன எழுத.

பிரிஸ்கில்லா


ஏற்காடு
10 ஜனவரி, சனிக்கிழமை

அன்புள்ள பிரிசி,

பேசிவிட்டேன்.

முதலில் அதை எழுதிவிட்டேன் பார், பனியையும் மழையையும் பற்றி எழுதாமல். இப்போது மெதுவாகச் சொல்கிறேன்.

உன் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. எழுதினால் அதோடு முடிந்துவிடும் என்று பயம். எழுத்தில் சொல்லிவிட்டால் வாய் தப்பித்துக்கொள்ளும். எட்டு நாளும் உன் கடிதத்தை அங்கிக்குள்ளேயே வைத்திருந்தேன்.

சேலம் பார்ட்டி நிறையப் பேர். சின்னக் குழந்தைகளும் இருந்தார்கள். எல்லாரும் தமிழ். மச்சானை யாரும் கூப்பிடவில்லை, அவரே வந்து நெருப்புக்கு எதிரில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், விசேஷ வீட்டுக்காரர் மாதிரி. மேக்ஸ்வெல் சார் அட்லஸ் மலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். யூசுஃப் எட்டு வயதிலிருந்து தேநீர் ஊற்றுகிறார் என்றார். நான் முதல் கிளாஸை மண்ணில் ஊற்றினேன். இரண்டாவதை நேராக மச்சானிடம் கொண்டுபோனேன்.

வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. கிளாஸைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். இந்தத் தடவை எனக்கு அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரியும்.

வாய் வரவில்லை பிரிசி. சத்தியமாக வரவில்லை. கை தானாக நெஞ்சுக்குப் போனது. அதைக் கீழே இறக்கினேன். மூக்கை மூடியிருந்த துணியை இழுத்துவிட்டேன்.

"மச்சான்" என்றேன்.

தகரக் கதவைத் திறக்கிற மாதிரிக் கேட்டது என் குரல். கூட்டத்தில் ஒரு குழந்தை, "அம்மா, யூசுஃப் தமிழ் பேசறாரு!" என்று கத்தியது. மேக்ஸ்வெல் சார் பேச்சை நிறுத்திவிட்டார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி வராது என்று தெரியும்.

"மச்சான், நான் சொல்லாமப் போனது தப்புங்க. அன்னைக்கு வெடியால உங்க வாசல் வரைக்கும் வந்தேனுங்க. உங்க இருமல் கேட்டுச்சு. உங்களப் புடிக்காமப் போகலீங்க. உங்ககிட்டச் சொன்னா என்னப் போக உட்டுருவீங்க, அப்பறம் எனக்கே போக மனசு வராதுன்னுதான் சொல்லாமப் போனேன். டீ ஆறுதுங்க. குடிங்க."

நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நீயே கேட்டிருக்க மாட்டாய்.

மச்சான் கிளாஸைப் பார்த்தார். ஒரே மடக்கில் குடித்தார். அவ்வளவு சூட்டை எப்படிக் குடித்தாரோ. கண்ணில் தண்ணீர் நின்றது. "மொளகு கொஞ்சம் தூக்கலாத்தான் போட்டிருக்கற" என்றார். பிறகு எழுந்து, மேக்ஸ்வெல் சாரைப் பார்த்து, "ஏனுங்க சார், இது எங்கூட்டு மாப்பிள்ளைங்க. நாளைக்குப் புள்ளைக்கு ஞானஸ்நானம். கூட்டீட்டுப் போறனுங்க" என்றார். லீவு கேட்கவில்லை, தகவல் சொன்னார். இவ்வளவு சுலபமா அது?

விருந்தாளிகள் கை தட்டினார்கள். காட்சியில் இதுவும் ஒரு பகுதி என்று நினைத்தார்களோ என்னவோ. ஒரு பெண் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மேக்ஸ்வெல் சார் கை தட்டவில்லை. ஆபீஸுக்குக் கூப்பிட்டார். போனைக் கொடுத்தார். சர்டிபிகேட்டைக் கொடுக்கவில்லை. சீசன் நடுவில் போகிறவனுக்குக் கிடையாது என்றார். முன்பென்றால் தலையைக் குனிந்துகொண்டு வந்திருப்பேன். "அது என்ற சர்டிபிகேட்டுங்க சார். திங்கக்கெழம வருவேன். ஆளோட வருவேன்" என்றேன். ஆள் என்றால் மச்சான்தான். கிடைக்குமோ கிடைக்காதோ தெரியவில்லை. ஆனால் கேட்பேன். அங்கியை மடித்து மேசைமேல் வைத்துவிட்டேன். அது எனக்குக் குளிருக்கு நன்றாகத்தான் இருந்தது, பாவம்.

இதை ஜீப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன். மச்சான் பஜாரில் நாளைக்கு மெழுகுவர்த்தியும் குழந்தைக்கு வெள்ளை கவுனும் வாங்கப் போயிருக்கிறார். ஓட்டலிலிருந்து இங்கே வருகிற வரைக்கும் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். மேக்ஸ்வெல் சாரைப் பற்றி, சத்யராஜைப் பற்றி, மாமியாரைத் திட்டிய அம்மாவைப் பற்றி. அடைத்திருந்த குழாய் திறந்த மாதிரி. "போதும்யா, காது வலிக்குது" என்றார் மச்சான். கொஞ்ச தூரம் போன பிறகு, "அப்பறம் என்னாச்சு?" என்றார். கடையைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் ஜீப்பின் முன்பலகையில் கடைச் சாவி கிடக்கிறது. எத்தனை நாளாகக் கிடக்கிறதோ.

மாமன் வருவதற்குள் முடிக்கிறேன். மாமன் என்று அவரைக் குழந்தைக்காக எழுதிப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தை வெண்ணிலாவிடம் கொடுக்க வேண்டியதில்லை. நானே கொண்டுவருகிறேன். பிறகு எப்போதாவது படித்துக்கொள். ஜீப் சத்தம் கேட்டதும் நீ வாசலுக்கு வா. உன்னை யாரும் எங்கே போகிறாய் என்று கேட்க மாட்டார்கள். ஆனால் ஒன்றும் பேசாதே. குழந்தையையும் நீ எதுவும் சொல்லிக் கூப்பிடாதே. என் குரல் அவளுக்குத் தெரியாது. பெயர் யோசித்து வைத்திருக்கிறேன். இங்கே எழுத மாட்டேன். நீ படம் அனுப்பாத மாதிரிதான்.

இந்த ஒரு தடவை முதலில் நான் பேசுகிறேன்.

உன்
ஜெப்சன்